கேளுங்கள், கேட்போம்: 2017-இன் ஸ்பானிய, போர்ச்சுகீசியப் பாடல்கள்

ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு மொழிகளின் பாடல்களைக் கேட்டுப்பாருங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தோம். நாம் சொன்ன ஆண்டு 2017. லூயிஸ் ஃபோன்சியின் 'தெஸ்பசீத்தோ' ('டெஸ்பாசிட்டோ') என்ற ஸ்பானியப் பாட்டு உலகமெங்கும் தெருத்தெருவாக ஒலித்ததும், நடனம் இல்லாமல் மேடையில் நின்று பாடிய ஒரு போர்ச்சுகீசியர் யூரோவிஷன் என்னும் ஐரோப்பாவின் பெரிய பாட்டுப் போட்டியை வென்றதும் அந்த ஆண்டில்தான். வந்த கடிதங்களில், கேட்கும் காதுக்கும் வாசிக்கும் கைக்கும் பயன்படும் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

மிருதங்கம் கற்கிறேன். 'தெஸ்பசீத்தோ' பாட்டுக்கு ஆதி தாளம் போட்டால் இரண்டாவது வரிக்குள் கை தடுமாறிவிடுகிறது. அது என்ன தாளம்? — வாசகர், திருச்சி

ஆதி தாளம் அந்தப் பாட்டுக்குப் பொருந்தவே செய்யும். உங்கள் கை தடுமாறுவதற்குக் காரணம், அழுத்தங்கள் நீங்கள் தட்டும் இடத்தில் விழாததுதான்.

பாட்டின் அடியில் ஓடுவது 'தெம்போ' என்னும் நடை. நமது சொல்கட்டில் சொன்னால் 'தகிட தகிட தக'. மூன்று, மூன்று, இரண்டு என மொத்தம் எட்டு எழுத்து. எழுத்துகளுக்கு ஒன்று முதல் எட்டுவரை எண் கொடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஒலியுள்ள கிக் டிரம் 1-லும் 5-லும் விழும். கூர்மையான ஸ்நேர் டிரம் 4-லும் 7-லும் விழும். சதுஸ்ர நடையில் ஓர் அடிக்கு நான்கு எழுத்து என்பதால் உங்கள் கை தட்டுவது 1, 5 ஆகிய இடங்களில். காதை இழுக்கும் ஸ்நேரோ முதல் அடியின் கடைசி எழுத்திலும், இரண்டாவது அடியின் மூன்றாவது எழுத்திலும் வருகிறது. காது அங்கே போக, கையும் பின்னால் போய்விடுகிறது.

இப்படிப் பழகுங்கள். முதலில் வாயால் மட்டும் 'தகிட தகிட தக' என்று ஒரே சீராக ஐந்து நிமிடம் சொல்லுங்கள். பிறகு 1-லும் 5-லும் வலது காலைத் தட்டுங்கள். அதாவது முதல் 'த'விலும், இரண்டாவது 'தகிட'வின் 'கி'யிலும். கால் யோசிக்காமல் போகத் தொடங்கியபின் 4-லும் 7-லும் கையைத் தட்டுங்கள். இவை இரண்டாவது, மூன்றாவது 'த'க்கள். சீராக அடி எண்ணித்தரும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் தொடங்கி 75-க்குக் கொண்டுபோய், கடைசியில் 89-இல் வையுங்கள். பாட்டின் வேகம் அதுதான். அந்த வேகத்தில் எட்டு எழுத்தும் சேர்ந்து 1.35 விநாடியில் முடிந்துவிடும்.

பெரும்பாலோர் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, கடைசி 'தக'வைப் பழக்கத்தில் 'தகிட' என்று நீட்டிவிடுவது. அப்போது எட்டு ஒன்பதாகி, இரண்டு சுற்றுக்குள் பாட்டை விட்டு விலகிவிடுவீர்கள். இன்னொன்று, 5-இல் விழவேண்டிய காலைக் கையோடு சேர்த்து 4-க்கு இழுத்துவிடுவது. இதில் கணக்கு தப்பாது, ஆனால் ஆட்டம் போய்விடும். 4-இல் கை விழுந்த மறு எழுத்திலேயே கால் விழும் அந்தச் சின்ன உரசல்தான் இந்த நடையின் உயிர்.

இந்த நடை ஜமைக்காவில் பிறந்தது. பெயர் ஷாபா ராங்க்ஸ் பாடிய ஒரு பாட்டின் தலைப்பிலிருந்து வந்தது. பனாமாவில் ஸ்பானிய மொழிக்கு மாறி, 1990-களில் புவெர்த்தோ ரிக்கோவின் ஒலிநாடாக்களில் 'ரெகேத்தோன்' ஆயிற்று. 1995-இல் அங்கே போலீஸார் கடைகளில் புகுந்து இந்த நாடாக்களைப் பறிமுதல் செய்தார்கள். அந்த நாடாக்களில் பாடி வளர்ந்தவர்களில் ஒருவர்தான், 2017-இல் லூயிஸ் ஃபோன்சியோடு இந்தப் பாட்டைப் பாடிய டாடி யாங்கீ.

இது கைவந்தபின் 'தகிட தகிட தகதிமி தகிட தகிட' என்று பதினாறு எழுத்துக்குச் சொல்லி, ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் கை தட்டிப்பாருங்கள். பிரேசிலின் போசா நோவா என்னும் இசைவகையில் டிரம்மின் ஓரத்தில் குச்சி தட்டும் கணக்கு அது.

அதே பாட்டைக் கிட்டாரில் வாசிக்க முயல்கிறேன். முதல் கார்டிலேயே விரல் வலிக்கிறது. தொடக்கத்தில் கேட்கும் கம்பி வாத்தியம் கிட்டார்தானா? — வாசகி, கோயம்புத்தூர்

பாட்டு முழுவதும் நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) சுற்றிச்சுற்றி வருகின்றன: பி மைனர், ஜி, டி, ஏ. ஒவ்வொன்றும் நான்கு அடி நிற்கும், அதாவது மேலே சொன்ன எட்டு எழுத்துக்கு இரண்டு சுற்று. வலிப்பது பி மைனர். ஆள்காட்டி விரல் ஐந்தாறு கம்பிகளையும் சேர்த்து அழுத்தவேண்டிய கார்டு அது. கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை இரண்டாவது கட்டில் மாட்டிவிட்டு ஏ மைனர், எஃப், சி, ஜி என்று பிடியுங்கள். சுருதி மாறாது. எஃப் இன்னும் கடினமாக இருந்தால் மேல் சுருதிக் கம்பிகள் நான்கில் மட்டும் வரும் சிறிய எஃப் போதும்.

வலது கையை மேலும் கீழுமாக ஒரே சீராக அடித்தால் பாட்டு பஜனைபோல ஆகிவிடும். கட்டைவிரலால் 1-லும் 5-லும் அடிக்கம்பியை மீட்டுங்கள். 4-லும் 7-லும் மற்ற விரல்களால் கம்பிகளைச் சுருக்கென்று அடித்து, உடனே உள்ளங்கையால் அமுக்குங்கள். ஒலி நீளாமல் இருப்பது முக்கியம்.

தொடக்கத்தில் கேட்பது புவெர்த்தோ ரிக்கோவின் குவாத்ரோ. 'குவாத்ரோ' என்றால் நான்கு, ஆனால் இன்றைய வாத்தியத்தில் பத்துக் கம்பிகள். பழைய வடிவத்தில் நான்கு இருந்ததால் பெயர் அப்படியே தங்கிவிட்டது. பத்தும் இரண்டிரண்டாக ஐந்து ஜோடிகள், அடியிலிருந்து பி, ஈ, ஏ, டி, ஜி. அடியில் உள்ள இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பிக்கும் மற்றதற்கும் ஒரு ஸ்தாயி வித்தியாசம். மற்ற மூன்று ஜோடிகளும் ஒரே சுரம். இரட்டைக் கம்பிகள் அணுவளவு முன்பின்னாக அதிர்வதால்தான் அந்த மினுமினுப்பு. அதை வாசித்தவர் கிறிஸ்தியான் நியெவெஸ். கிராமத்து இசையின் வாத்தியத்தை ரெகேத்தோன் நடைக்கு மேல் வைத்ததுதான் இந்தப் பாட்டின் அழகான முடிவு என்று நினைக்கிறோம்.

'தெஸ்பசீத்தோ' என்பதற்கு நம் பேச்சில் சரியான சொல் 'மெல்ல மெல்ல'. பல்லவியில் அந்தச் சொல் வரும்போது தாளக்கருவிகள் ஒதுங்கி, நான்கு அசைகளும் தனித்தனியாக இழுத்து வைக்கப்படுவதைக் கவனியுங்கள். சொல்லின் பொருளை மெட்டே செய்து காட்டுகிறது. இதை எழுதியவர்களில் ஃபோன்சி, யாங்கீயுடன் பனாமாவில் பிறந்த எரிக்கா எண்டரும் ஒருவர். அவருடைய பெயர் பேச்சில் விடுபட்டுப் போகிறது. விடக்கூடாது.

ஜஸ்டின் பீபர் சேர்ந்து பாடியிராவிட்டால் இந்தப் பாட்டு இவ்வளவு தூரம் போயிருக்குமா? — வாசகர், மதுரை

ஓரளவுக்குத்தான் அது உண்மை. பாட்டு வெளியானது 2017 ஜனவரியில், பீபரின் ரீமிக்ஸ் ஏப்ரல் 17-இல். இடைப்பட்ட மாதங்களிலேயே லத்தீன் அமெரிக்கா முழுவதும் அது முதலிடத்துப் பாட்டு. அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு முதல் நூறிலும் நுழைந்திருந்தது.

ரீமிக்ஸ் செய்த வேலையைப் புரிந்துகொள்ள அந்தப் பட்டியலின் கணக்கு தெரியவேண்டும். விற்பனை, இணையத்தில் கேட்பது, வானொலியில் ஒலிப்பது ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணுகிறார்கள். யூடியூப் பார்வைகளும் 2013 முதல் அப்போது கணக்கில் வந்தன. விற்பனையும் யூடியூபும் ஃபோன்சியிடம் ஏற்கெனவே இருந்தன. ஆங்கில வானொலிதான் இல்லை. அங்கே ஸ்பானியப் பாட்டை ஒலிபரப்பத் தயங்குவார்கள். பீபரின் ஆங்கில வரிகள் அந்தக் கதவைத் திறந்தன. மூலப் பாட்டும் ரீமிக்ஸும் ஒரே பாட்டாக எண்ணப்பட்டதால் இரண்டின் வலுவும் ஓரிடத்தில் சேர்ந்தது. 16 வாரம் முதலிடம். 1996-இல் 'மாக்கரேனா'வுக்குப் பிறகு, பெரும்பாலும் ஸ்பானியத்தில் அமைந்த ஒரு பாட்டு அங்கே முதலிடம் தொட்டது இதுவே. லத்தீன் பாடல்களுக்கான தனிப்பட்டியலில் 56 வாரம் முதலிடம். ஆகஸ்ட்டில் யூடியூபில் அதிகம் பார்க்கப்பட்ட காணொளி ஆனது பீபர் இல்லாத மூலக் காணொளி என்பதையும் சேர்த்து நினைத்துப்பாருங்கள்.

எங்கள் நாட்டு அரசு வானொலியில் அதை நிறுத்தினார்களே, ஏன்? — வாசகி, ஈப்போ

2017 ஜூலையில். பாடல் வரிகளில் காமம் வெளிப்படையாக இருக்கிறது என்று புகார்கள் வந்ததால், மலேசிய அரசின் வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் நிறுத்தின. தனியார் நிலையங்களுக்கு அந்தத் தடை இல்லை. வரிகளைப் பற்றிய புகார் பொய்யல்ல. மொழி புரியாததால் குழந்தைகள் பாடும் இடங்களிலெல்லாம் அது ஒலித்தது, ஆனால் அது காதலர் இருவருக்கிடையிலான பாட்டு.

பாடுவது ஸ்பானியமா போர்ச்சுகீசியமா என்று காதால் கண்டுபிடிப்பது எப்படி? இரண்டும் ஒன்றுபோலவே கேட்கின்றன. — வாசகர், நாகர்கோவில்

தமிழ்க் காதுக்கு இது எளிது என்று உறுதியாகச் சொல்வோம்.

முதலில் மூக்கொலியைத் தேடுங்கள். பேச்சில் 'மரம்' என்று சொல்லும்போது கடைசி 'ம்' உதட்டை மூடாமல் மூக்கில் கரைகிறதல்லவா, அதே ஒலி போர்ச்சுகீசியத்தில் வரிக்கு வரி வரும். இதயம் என்பதற்கு ஸ்பானியத்தில் 'கொரசோன்'. நாக்கு மேலே தொட்டு 'ன்' தெளிவாக முடியும். போர்ச்சுகீசியத்தில் 'கொரசௌ(ம்)', முடிவு மூக்குக்குள். காதல் பாட்டில் இந்தச் சொல் எப்படியும் வந்துவிடும் என்பதால் இந்த ஒரு சொல்லே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து உயிரொலிகளைக் கவனியுங்கள். ஸ்பானியத்தில் அ, எ, இ, ஒ, உ என ஐந்து உயிர்கள்தாம். ஒவ்வொன்றும் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோலத் துல்லியமாக ஒலிக்கும். போர்ச்சுகலில் பேசும் போர்ச்சுகீசியம் அழுத்தமில்லாத உயிர்களை விழுங்கிவிடும், மெய்யெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அத்தோடு சொல்லின் ஈற்றில் வரும் 'ஸ்' அங்கே 'ஷ்' ஆகும். கேள்விப்படாத பாட்டில் 'ஷ்... ஷ்...' என்று வரி முடிந்துகொண்டே போனால் லிஸ்பன் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ரியோ நகரத்தாரும் அப்படித்தான் உச்சரிப்பார்கள், ஆனால் அவர்கள் உயிர்களை விழுங்கமாட்டார்கள். பிரேசிலில் பெரும்பாலான இடங்களில் 'தி' என்பது 'ச்சி' ஆகவும், மென்மையான 'தி' என்பது 'ஜி' ஆகவும் ஒலிக்கும். சொல்லின் முதலில் வரும் 'ர' ஏறக்குறைய 'ஹ'. 'ரியோ' அங்கே 'ஹியு'.

ஸ்பானியத்துக்குள்ளும் ஊர் தெரியும். புவெர்த்தோ ரிக்கோக்காரர்கள் அசையின் ஈற்றில் வரும் 'ஸ்' ஒலியை மூச்சாக விட்டுவிடுவார்கள் அல்லது தொலைத்துவிடுவார்கள். ஈற்று 'ர்' சிலர் வாயில் 'ல்' ஆகும். 'அமோர்' 'அமோல்' என்று கேட்டால் அது பிழையல்ல, வட்டார வழக்கு.

இன்னொன்று. இரு மொழிகளிலும் 'த' பல்லில் நாக்குத் தொட்டுச் சொல்லும் நம்முடைய 'த'தான். ஆங்கிலம் வழியாக வந்ததால் நாம் 'டெஸ்பாசிட்டோ' என்று எழுதிப் பழகிவிட்டோம். 'தெஸ்பசீத்தோ' என்று எழுதினால் மூலத்தோடு நெருங்குகிறது. இந்தப் பகுதியில் இனி அப்படியே எழுதுவோம்.

யூரோவிஷனில் அவ்வளவு விளக்கும் நடனமும் இருக்க, ஒரு மெல்லிய பாட்டு எப்படி வென்றது? அதில் என்ன கேட்கவேண்டும்? — வாசகி, சென்னை

2017 மே 13, கீவ் நகரம். சல்வதோர் சொப்ரால் பாடிய 'அமார் பெலுஷ் தொய்ஷ்'. 'இருவருக்குமாகச் சேர்த்து நானே காதலிக்கிறேன்' என்பது தலைப்பின் கருத்து. எழுதி மெட்டமைத்தவர் அவருடைய அக்கா லுயீசா சொப்ரால். 1964 முதல் கலந்துகொண்டுவந்த போர்ச்சுகலுக்கு அதுவே முதல் வெற்றி.

எப்படி வென்றது என்பதற்கு எண்களே விடை. அந்த ஆண்டில் ஒவ்வொரு நாடும் இரண்டு தொகுதி மதிப்பெண் தந்தது. இசை அறிந்த நடுவர் குழு ஒன்று, தொலைபேசி வழியாகப் பொதுமக்கள் இன்னொன்று. இரண்டும் சரிபாதி. சொப்ராலுக்கு நடுவர்கள் தந்தது 382, மக்கள் தந்தது 376, ஆக மொத்தம் 758. பங்கேற்றவை 42 நாடுகள். தன் நாட்டுக்குத் தானே வாக்களிக்க முடியாது என்பதால் ஒரு தொகுதியில் கிடைக்கக்கூடிய உச்சம் 41 பெருக்கல் 12, அதாவது 492. நடுவருக்குப் பிடித்தது மக்களுக்குப் பிடிக்காது என்று சொல்வார்கள். இங்கே இரு தரப்பும் ஆறு மதிப்பெண் வித்தியாசத்தில் ஒன்றாக நிற்கின்றன.

கேட்கும்போது மூன்றடி நடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். திஸ்ரம், ஆனால் தட்டுவதற்கு டிரம் இல்லை, பியானோவும் வில்வாத்தியங்களும் மட்டுமே. கையால் 'தகிட' என்று எண்ணிக்கொண்டே கேட்டால், அவர் சொல்லை அடியில் வைக்காமல் சற்றுப் பின்னால் வைப்பது தெரியும். வரியைத் தாமதமாக எடுத்து, அடுத்த அடிக்குள் ஓடிவந்து சேர்ந்துகொள்வார். ஜாஸ் பாடகரின் பழக்கம் அது. நம் விருத்தத்துக்குப் பழகிய காது இதில் உடனே அமர்ந்துவிடும். போட்டிக்காக ஆங்கிலத்துக்கு மாறாமல், தன் மொழியில், நடனம் இல்லாமல் நின்று பாடினார். இதயநோயோடு பாடிக்கொண்டிருந்த அவருக்கு அந்த டிசம்பரில் இதயமாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு மேடைக்குத் திரும்பினார்.

பிரேசிலின் 'பும் பும் தாம் தாம்' பாட்டில் வரும் புல்லாங்குழல் பாக் எழுதியது என்கிறார்களே, நிஜமா? — வாசகர், சேலம்

நிஜம்தான். ஐரோப்பியச் செவ்வியல் இசையமைப்பாளர் பாக், தனிப் புல்லாங்குழலுக்கு ஏ மைனரில் எழுதிய பார்த்தீத்தா என்னும் இசைத்தொகுப்பிலிருந்து எடுத்தது. 2017 மார்ச்சில் எம்.சி. ஃபியோத்தி அதைத் தானே வெட்டிச் சுழற்சியாக்கி, பிரேசிலின் ஃபங்க் நடைமேல் வைத்தார். ஏன் இது ஒட்டுகிறது என்றால், மூல இசை ஒற்றை வாத்தியத்துக்கு எழுதப்பட்டது. பக்கவாத்தியமே இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து ஒரு துண்டை வெட்டினால் கூடவே பத்து வாத்தியங்களின் வால்களும் வந்து புது பேஸோடு மோதும். தனிக்குழலில் அந்தத் தொல்லை கிடையாது. இப்படிப் பழைய பதிவிலிருந்து துண்டு (சாம்பிள்) எடுத்துப் பழகுகிறவர்கள் தனி வாத்தியப் பதிவுகளில் தொடங்குவது நல்லது.

அதே ஆண்டில் பிரேசிலின் அனித்தா செப்டம்பர் முதல் டிசம்பர்வரை மாதம் ஒரு பாட்டாக நான்கு வெளியிட்டார். முதல் இரண்டு ஆங்கிலம், மூன்றாவது கொலம்பியப் பாடகர் ஜே பால்வினோடு ஸ்பானியம், கடைசி போர்ச்சுகீசியம். அந்தக் கடைசிப் பாட்டு 'வை மலாந்த்ரா', காணொளி ரியோவின் விதிகால் குன்றுக் குடியிருப்பில் எடுத்தது. நான்கில் அதிகம் கொண்டாடப்பட்டது சொந்த மொழியில் பாடிய அதுதான்.

புவெர்த்தோ ரிக்கோ தனி நாடா? அப்படியென்றால் இது அமெரிக்கப் பாட்டு இல்லையா? — வாசகர், ஈரோடு

1898 முதல் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவு. மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், பேச்சு ஸ்பானியம். தெஸ்பசீத்தோ காணொளியில் வரும் கடலோரக் குடியிருப்பு தலைநகர் சான் ஹுவானின் லா பெர்லா. பாட்டு முதலிடத்தில் இருந்துவிட்டு இறங்கிய அதே செப்டம்பரில், 20-ஆம் தேதி, மரியா புயல் அந்தத் தீவைச் சிதைத்தது. நிவாரணத்துக்காக அக்டோபரில் லின்-மானுவேல் மிராண்டா வெளியிட்ட பாட்டில் தீவின் 78 ஊர்களின் பெயரும் வருகின்றன. உறவினரோடு தொடர்பு அறுந்து தவித்தவர்களுக்குத் தம் ஊரின் பெயரைக் கேட்பது என்னவாக இருந்திருக்கும்! ஜே பால்வின், வில்லி வில்லியமின் 'மி ஹென்தே'யில் பியான்சே சேர்ந்து பாடிய வடிவமும் அந்த நிவாரணத்துக்கு நிதி தந்தது.

எங்கள் ஊர் பைலாவும் இந்தப் பாட்டுகளும் ஒரே குடும்பமா? — வாசகர், மட்டக்களப்பு

பெயரளவில் உறவு உண்டு. 'பைலார்' என்றால் போர்ச்சுகீசியத்தில் ஆடுதல். மட்டக்களப்பில் போர்ச்சுகீசியக் கிரியோல் பேசும் பறங்கியர் குடும்பங்கள் ஆடும் கஃப்ரிஞ்ஞாவும் அந்த வழியே வந்தது. ஆனால் நடை வேறு. பைலா 6/8 என்னும் ஆறெழுத்துச் சுற்றில் உருள்வது, 'தகிட தகிட' என்று மூன்றும் மூன்றுமாக நின்றுவிடும். தெம்போவில் அதற்குப் பின் ஒரு 'தக' வரும். அந்த இரண்டு எழுத்தைச் சேர்த்தும் விட்டும் தட்டிப்பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ஆட்டப்பாட்டு எனக்கு ஒத்துவராது. அமைதியாக உட்கார்ந்து கேட்க அந்த ஆண்டில் எதுவும் உண்டா? — வாசகி, தஞ்சாவூர்

நிறைய உண்டு. எங்களுக்கு மிகவும் பிடித்தவையும் அவைதாம்.

மெக்சிகோவின் நத்தாலியா லஃபூர்காதே பாடிய 'மூசாஸ்' தொகுப்பு, லோஸ் மக்கொரீனோஸ் என்ற இரண்டு மூத்த கிட்டார்க் கலைஞர்களோடு பதிவானது. இவர்கள் பாடகி சவேலா வர்காஸுக்கு வாசித்தவர்கள். ஒருவர் மெட்டைப் பின்னிக்கொண்டே போக மற்றவர் அடியைத் தாங்குவதைப் பிரித்துக் கேளுங்கள். ஸ்பெயினின் ரொசாலியா பிப்ரவரியில் வெளியிட்ட 'லோஸ் ஆங்ஹெலெஸ்' தொகுப்பு, ஸ்பெயினின் மரபிசையான பழைய ஃபிளமென்கோ, கிட்டாரும் குரலும், பெரும்பாலும் மரணத்தைப் பற்றியது. இரவில் கேட்கவேண்டியது, ஒரே மூச்சில் முழுவதும் வேண்டாம். ஷிக்கோ புவார்க்கேயின் 'கரவானாஸ்' பிரேசிலிலிருந்து. வரிகளை மொழிபெயர்ப்போடு கேட்டால்தான் முழுப் பயன்.

ஒன்றே ஒன்று என்றால், உருகுவேயின் ஹொர்ஹே த்ரெக்ஸ்லெர் செப்டம்பரில் வெளியிட்ட 'சல்வவீதாஸ் தெ யேலோ' தொகுப்பை எடுங்கள். பனிக்கட்டியால் ஆன உயிர்காப்பு மிதவை என்று பொருள். அதில் குரலைத் தவிர எல்லா ஒலியும் கிட்டாரிலிருந்தே எடுத்தது. டிரம்போலக் கேட்பதும் கிட்டாரின் மரம்தான். நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அடிச்சுரங்கள் தொலைந்துபோகும். முதல்முறை குரலை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் தொடருங்கள். ஆழமான 'தும்' கிட்டாரின் உடலை உள்ளங்கையால் தட்டியது, வறண்ட 'டக்' விளிம்பை விரல்கணுவால் தட்டியது, சரசரப்பு கம்பிமேல் கை உரசியது. கடத்தில் வயிற்றையும் கழுத்தையும் தட்டினால் ஒலி மாறுமல்லவா, அந்தக் காதோடு கேளுங்கள்.